வீட்டு குரூப்பில் ஒரு கத்தி ஷேவிங் பஞ்சாயத்து

அண்ணன்: ஞாயிறு காலை எனக்கு முகூர்த்தம். அதற்குள் சலூனில் கத்தி வைத்து ஒரு ஷேவிங் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன். இத்தனை நாளும் வீட்டில் ட்ரிம்மர்தான். என்றைக்குப் போகலாம்?

பெரியப்பா: தாராளமாகப் போடா. ஆனால் இப்போது சலூனில் இருப்பதெல்லாம் கத்தியே இல்லை. எங்கள் காலத்துச் சவரக்கத்தி முழுக்க எஃகு, ஷெஃபீல்டு, சோலிங்கன் என்று ஊர்ப் பெயர் பொறித்து வரும், மடக்கினால் கைப்பிடிக்குள் போய்விடும். நாற்காலி பக்கத்தில் தோல் வார் தொங்கும். கத்தியின் முதுகு முன்னால் போகிற மாதிரி அதில் இழுத்து இழுத்துத் தீட்டுவார்கள். கூர் முன்னால் போனால் வார் அறுந்துபோகும். அந்தக் கைப்பழக்கம் இப்போது யாருக்கு இருக்கிறது?

மதுரை மாமா: வாரையே காணோம் அத்தான், நீங்கள் வேற. இப்போது மடக்குப்பிடிக்குள் பாதி பிளேடைச் செருகுகிறார்கள். இரண்டு பக்கமும் கூர் உள்ள சாதா பிளேடு, காகித உறையோடு மடித்தால் பட்டென்று இரண்டாகும். பாதி உனக்கு, பாதி அடுத்த ஆளுக்கு.

லேப் அத்தை: அதுவரை சரி. உனக்குப் போட்ட அதே பாதியை அடுத்தவருக்கும் போட்டால்தான் வம்பு. கல்லீரலைக் கெடுக்கிற ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் ஒட்டியிருந்தாலே போதும். டெட்டால் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் போகாது. அண்ணே, கோபப்படாதீர்கள், உங்கள் சோலிங்கன் கத்தியை ஊர் முழுக்க ஒரே கத்தியாகப் போட்டதில் எனக்கு உடன்பாடே இல்லை.

பெரியப்பா: எனக்கு ஒன்றும் ஆகவில்லையே.

லேப் அத்தை: இந்த வைரஸ் தொற்றியவர்களில் நிறைய பேருக்குப் பல வருஷம் ஒன்றுமே தெரியாது அண்ணே. வேறு எதற்கோ ரத்தம் கொடுக்க வந்து தெரிந்துகொண்டு போகிறார்கள். டேய் மாப்பிள்ளை, நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி 2011-இல்தான் விரிவானது. நீ போட்டிருக்கிறாயா என்று அம்மாவிடம் கேள். இல்லையென்றால் 3 ஊசி, முதல் ஊசி போட்டு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது.

அம்மா: அந்த அட்டை பரணில் எங்கேயோ இருக்கிறது. கல்யாணம் முடியட்டும், தேடுகிறேன்.

அண்ணன்: அப்போ போக வேண்டாமா?

லேப் அத்தை: நான் எப்போது அப்படிச் சொன்னேன்? போ. பிளேடை உன் கண் முன்னால் உறை பிரித்து மாட்டச் சொல், மாட்டுகிற பிடியையும் கழுவித் துடைக்கச் சொல். கேட்க வெட்கமாக இருந்தால் பாக்கெட்டை நீயே வாங்கிக்கொண்டு போ, விலை ஒன்றும் பெரிதில்லை. துண்டும் உன்னுடையது.

மதுரை மாமா: படிகாரத்தை விட்டுவிட்டாயே. ஷேவிங் முடிந்ததும் ஈரக் கட்டியை எடுத்து முகம் முழுக்கத் தேய்ப்பார்கள், சுரீர் என்று எரியும். தோல் சுருங்கிச் சின்னக் கீறலில் வரும் ரத்தம் நின்றுவிடும், நல்ல சாமான்தான். ஆனால் காலையிலிருந்து எத்தனை முகத்தில் தேய்த்த கட்டியோ. நாட்டு மருந்துக் கடையில் ஒரு துண்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்.

நான்: மாமா, முக்கியமானதைச் சொல்லுங்கள், எதிர் ஷேவிங் போடலாமா?

மதுரை மாமா: அதுக்குத்தான் வருகிறேன். முதலில் தண்ணீர் தெளித்து, பிரஷ்ஷால் நுரை போட்டு நன்றாக ஊறவிட வேண்டும், முடி ஊறினால்தான் பிளேடு இழுக்காமல் வழுக்கும், அவசரக்காரக் கடைகளில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, கத்தியைக் கிட்டத்தட்ட 30 டிகிரி சாய்த்து, முடி போகிற போக்கில் ஒரு தடவை. இது போதும். எதிர்ப்போக்கில் இன்னொரு தடவை போட்டால் கன்னம் மழமழவென்று இருக்கும், மறுக்கவில்லை, ஆனால் உனக்குச் சுருட்டை முடி, கழுத்தில் சுழித்து வேறு வளர்கிறது. தோலை ஒட்டி அறுத்த முடி உள்ளேயே வளைந்து முளைத்துச் சிவப்புச் சிவப்பாகப் பொரியும். ஆல்பம் முழுக்க அதுதான் தெரியும். உட்காரும்போதே "எதிர் வேண்டாம் அண்ணே" என்று சொல்லிவிடு.

அண்ணன்: சரி மாமா. நாள்?

நான்: செவ்வாய் கடை லீவு. வெள்ளி பாட்டி விடமாட்டார். சனி ராத்திரி ரிசப்ஷன்.

மதுரை மாமா: புதன் போ. ட்ரிம்மர் பழகிய தோல் முதல் கத்திக்கு என்ன செய்யும் என்று தெரிந்துவிடும். முகம் தாங்கினால் சனி மத்தியானம் அதே கடை, அதே ஆள். பொரிந்தால் பேசாமல் ட்ரிம்மரோடு நில்.

பெரியப்பா: ஊரில் என்றால் சவரம் செய்பவர் கல்யாண வீட்டுக்கே வருவார். மாப்பிள்ளையைப் பலகையில் உட்கார வைத்து முகம் மழித்து, அவருக்கு வேட்டி, வெற்றிலை பாக்கு எல்லாம் கொடுப்போம்.

லேப் அத்தை: வேட்டி இருக்கட்டும் அண்ணே, அன்றைக்குக் கூலி எவ்வளவு கொடுத்தீர்கள்?

பெரியப்பா: அது அப்பா காலம்.

லேப் அத்தை: அதானே. டேய், நீ சனிக்கிழமை சில்லறை எண்ணாமல் நன்றாகவே கொடு.

அம்மா: மீசையில் மட்டும் கை வைக்கவிடாதே. கிருதா இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று எழுந்திருப்பதற்கு முன்னால் பார்த்துக்கொள்.

அண்ணன்: சரிம்மா, மீசை இருக்கும்.

அம்மா: தேங்காய் வண்டி மண்டபத்துக்கு வந்துவிட்டதாம். யாராவது ஒருவர் உடனே கிளம்புங்கள், இங்கே ஷேவிங் பேசியது போதும்.