பேப்பர் போட்டதும் மேலாளர் முகம் மாறினால் தவறா?

ஓஎம்ஆர் பயணி:
திங்கட்கிழமை பேப்பர் போட்டேன், அதாவது ராஜினாமா மெயில் அனுப்பினேன். ஆறு வருடமாக ஒரே மேலாளர். நான்கு மணி ஆனால் என்னைக் கூப்பிடாமல் டீக்குப் போகமாட்டார். மெயிலைப் பார்த்ததும் தனி அறைக்கு அழைத்து, "உனக்காக எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன், ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். மறுநாளிலிருந்து டீக்குக் கூப்பிடவில்லை. வியாழக்கிழமை ஹெச்ஆரையும் கூட்டிக்கொண்டு வந்து முப்பது சதவீதம் ஏற்றித் தருகிறேன் என்கிறார். மார்ச்சில் "பட்ஜெட் இல்லைப்பா" என்று ஆறு சதவீதம் கொடுத்தவரும் இவர்தான். வேண்டாம் என்றேன். இப்போது, ராஜினாமாவுக்குப் பிறகும் வேலை பார்த்தாக வேண்டிய 90 நாள் நோட்டீஸில் ஒரு நாள்கூடக் குறைக்கமாட்டேன் என்கிறார். புது இடத்தில் 45 நாள்தான் காத்திருப்பார்கள். இது என்ன நியாயம்?

பெஞ்சு மணி:
மார்ச்சில் இல்லாத பணம் இப்போது எங்கிருந்து முளைத்தது என்று கேட்டீர்களா? ஆள் போகப்போகிறான் என்று தெரிந்த பிறகுதான் அவன் அருமை தெரிகிறது. அந்த முப்பதை வாங்கிக்கொண்டு தங்கியிருந்தால் அடுத்த அப்ரைசலில், அதாவது சம்பள உயர்வு முடிவு செய்யும்போது, "உனக்குத்தான் அப்பவே கொடுத்தாச்சே" என்று பூஜ்யம் போடுவார்கள். எனக்குப் போட்டார்கள்.

நானும் மேனேஜர்தான்:
திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே, நான் வருகிறேன். என் டீமில் பதினொரு பேர். அப்ரைசல் பணம் மொத்தமாக மேலேயிருந்து வரும். ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறைத்தாக வேண்டும். பேப்பர் போட்டவரை நிறுத்துகிற பணம் வேறு பெட்டி, அதற்கு வேறு அப்ரூவல். ராஜினாமா மெயிலை இணைத்து அனுப்பினால்தான் அந்தப் பெட்டி திறக்கும். பூட்டியது நான் இல்லை, சாவியும் என்னிடம் இல்லை.
90 நாள் விஷயம். ஒருவர் போனால் மாற்று ஆளுக்கு அப்ரூவல் வாங்கவே மூன்று வாரம். பிறகு இன்டர்வியூ. தேர்வானவர் சொல்வார், "எனக்கும் 90 நாள் நோட்டீஸ் சார்." கிளையன்ட்டுக்கு இந்தக் கதையெல்லாம் வேண்டாம், மாதக் கடைசியில் வேலை ஓடவேண்டும்.

பெஞ்சு மணி:
பெட்டி பூட்டியிருக்கிறது என்று தெரிந்த நீங்கள், அது எப்படித் திறக்கும் என்பதையும் டீமுக்குச் சொல்லியிருக்கலாமே சார்? தானாகக் கண்டுபிடித்தவனைத் துரோகி மாதிரி பார்ப்பானேன்? ஆட்குறைப்பு என்று வந்தால் காலையில் கூப்பிட்டு மாலைக்குள் லேப்டாப்பை வாங்கிவிடுகிறீர்கள். அப்போது கிளையன்ட் வேலை எப்படியோ ஓடுகிறது.

நானும் மேனேஜர்தான்:
மணி, அந்தக் காலைக் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், அதைப் பற்றிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் 2022ஐ மறந்துவிட்டீர்கள். ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸ் அறிவித்த அட்ரிஷன், அதாவது வேலையை விட்டுப் போனவர்களின் விகிதம், 28.4 சதவீதம். அந்த நேரத்தில் என் டீம் பையன் ஒருவன் 90 நாளையும் ஆஃபர் தேடவே வைத்துக்கொண்டான். ஒன்றைக் காட்டி அடுத்தது, அதைக் காட்டி மூன்றாவது. முதல் இரண்டு கம்பெனியும் அவன் சேரும் நாள் வரை காத்திருந்து ஏமாந்தன.

பெஞ்சு மணி:
90 நாள் கொடுத்தால் 90 நாளும் தேடத்தான் செய்வான். முப்பதாக இருந்தால் ஒரு ஆஃபரோடு கிளம்பியிருப்பான்.

கோர்ட்டு வாசல்:
சட்டத்தில் இரண்டு தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒருவரை வேலை செய்தே தீரவேண்டும் என்று நீதிமன்றம் கட்டிவைக்காது. 1963ஆம் வருட ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட் அதற்கு இடம் தருவதில்லை. ஆனால் ஒப்பந்தத்தை மீறியதற்குப் பணம் கேட்கலாம். விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்று வருடத்துக்குள் போனால் 2 லட்சம் கட்டவேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றது. அது பொதுத்துறை வங்கி, ஆள் எடுக்கும் செலவையும் கணக்கில் கொண்டார்கள். இப்படி முன்னாடியே போனால் பணம் கட்டு என்கிற எல்லாத் தனியார் பாண்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தம்பி, உங்கள் ஆஃபர் லெட்டரில் பை-அவுட் பற்றி, அதாவது மீதி நோட்டீஸ் நாளுக்குப் பணம் கட்டிவிட்டு முன்னாடியே கிளம்புவது பற்றி, என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். "நிர்வாகத்தின் ஒப்புதலுடன்" என்று ஒரு வரி இருந்தால் பந்து அவர் பக்கம்.
அப்புறம், 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்து போனவருக்கும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

தாம்பரம் அக்கா:
கோபப்படுகிற மேலாளர் எவ்வளவோ தேவலை. என்னுடையவர் கேக் வெட்டி, கைகுலுக்கி அனுப்பிவைத்தார். வேலையிலிருந்து விடுவித்தாகிவிட்டது என்று கொடுக்கிற ரிலீவிங் லெட்டர் வர நான்கு மாதம். கேட்டால் "ப்ராசஸில் இருக்கும்மா". புது கம்பெனியில் வாராவாரம் கேட்பார்கள், முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

நானும் மேனேஜர்தான்:
அக்கா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. லெட்டரைப் பிடித்துவைப்பது அசிங்கம்.
பயணி, ஒன்று செய்து பாருங்கள். நாளைக் குறைக்கச் சொல்லாமல் வேலையை வைத்துப் பேசுங்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்தது எது, அதை யாருக்கு எந்தத் தேதிக்குள் கைமாற்றித் தருவீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிக்கொடுங்கள். மேலே காட்ட அவருக்கும் ஒரு காகிதம் வேண்டும்.

பெஞ்சு மணி:
கடைசியில் அவன்தான் எழுதிக்கொடுக்க வேண்டும். சரி.

ஓஎம்ஆர் பயணி:
பத்து நாள் கழித்து வருகிறேன். மாதக் கடைசியில் கம்ப்யூட்டரில் ஓடும் ஜாப் எனக்கு மட்டும்தான் தெரியும். அதை ஒரு ஜூனியருக்கு இரண்டு தடவை ஓட்டிக் காட்டித் தருகிறேன் என்று எழுதிக்கொடுத்தேன். 60 நாளுக்கு ஒத்துக்கொண்டார், மீதி நாளுக்குப் பை-அவுட். புது இடத்திலும் பதினைந்து நாள் தள்ளிக்கொடுத்தார்கள். நேற்று நான்கு மணிக்கு நானே போய் டீக்குக் கூப்பிட்டேன். "மீட்டிங் இருக்குப்பா" என்றார். காலண்டரில் ஒன்றும் இல்லை.