அண்ணாமலைநகர்: இன்னும் மனத்தை உறுத்தும் ஒரு சந்திப்பு
(அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு பழகிய நால்வர் புனைபெயரில் எழுதியவை)

தெற்குவீதி:
1994. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க நான்கு நாள்தான் இருந்தது. தட்டச்சு செய்த அக்கா பத்தாம் வகுப்போடு நின்றவர். மூன்றாம் இயலை வாங்கப் போனேன், அவர் கொடுக்கவில்லை. "தம்பி, இந்தக் குறுந்தொகைப் பாட்டை முதல் இயலில் தலைவி கூற்று என்றீர்கள். இங்கே தோழி கூற்று என்று இருக்கிறது. எதை அடிக்கட்டும்?" நான் இரண்டு முறை படித்தும் கண்ணில் படாத பிழை. பல ஆண்டுகளாக எங்கள் ஆய்வேடுகளை அடித்து அடித்தே கற்றவர். நன்றியுரையில் எல்லோர் பெயரையும் எழுதினேன், அவர் பெயரை விட்டுவிட்டேன். அந்தப் பக்கத்தையும் அவர்தான் அடித்துக் கொடுத்தார்.

வெள்ளாறு:
பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையமும் இதே பல்கலைக்கழகம்தான், அதை மறந்துவிடாதீர்கள். வலையில் பெயர் தெரியாத நண்டு சிக்கினால் அப்பா ஏலத்தில் வைக்கமாட்டார். வாளியில் கடல்நீர் ஊற்றி மையத்துக்குக் கொடுத்தனுப்புவார். பத்து வயதில் ஒருமுறை நான் கொண்டுபோனேன். ஆய்வு மாணவி ஒருவர், எத்தனை ஆழத்தில் கிடைத்தது என்று கேட்டுவரச் சொன்னார். "ஆறு பாகம்" என்று மீனவர் ஆழக் கணக்கில் சொன்னார் அப்பா. அந்த அக்கா மீட்டருக்கு மாற்றாமல் "ஆறு பாகம்" என்றே நோட்டில் எழுதினார். ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அன்று இரவு அம்மாவிடம் அதை மூன்று முறை சொல்லிவிட்டார்.

ரயிலடி:
தெற்குவீதி, அந்தத் தட்டச்சு அக்காவுக்குப் பல்கலைக்கழகம் கற்றுக்கொடுத்தது என்பது பாதிக் கதை. 1929இல் அண்ணாமலை செட்டியார் தொடங்கியதைச் சொல்கிறோம், 2013இல் அரசு ஏற்றதைச் சொல்கிறோம். ஊர் கொடுத்ததை யார் சொல்கிறார்கள்? 1965 ஜனவரி 27, இந்தி எதிர்ப்புப் போராட்டம். மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்த நாள். தப்பி ஓடிவந்த இருவரை என் பாட்டி நெற்குதிருக்குப் பின்னால் உட்காரவைத்து, கதவைச் சாத்தி, மோர் கொடுத்தார். பெயர்கூடக் கேட்கவில்லை. இராசேந்திரன் சிலையைத் தாண்டும்போதெல்லாம், "அந்தப் பிள்ளைகள் வீடு போய்ச் சேர்ந்தார்களா?" என்பார்.

கொள்ளிடக்கரை:
என் கதை சின்னது. நான் சாப்பாட்டுப் பாக்கி வைத்திருந்த மெஸ்காரரைத் தேடி இருபது ஆண்டு கழித்துப் போனேன். அங்கே மருந்துக்கடை இருந்தது. ஆகவே தெற்குவீதி, தள்ளிப்போடாதீர்கள். நூலகத்தில் இருக்கும் படியை இனித் திருத்த முடியாது. ஆய்வேட்டை நூலாக்கினால் அந்தத் தட்டச்சு அக்காவின் பெயரை முதல் வரியில் போடுங்கள். தொலைபேசியில் சொல்லாமல் நேரில் போங்கள். கையில் ஆய்வேட்டை எடுத்துப் போங்கள், தான் அடித்த பக்கத்தை அவர் பார்க்கட்டும். அவர் தட்டச்சு செய்த இடம் இப்போது இல்லாவிட்டால் பைண்டிங் செய்தவரிடம் விசாரியுங்கள். அடிப்பவரையும் கட்டுபவரையும் ஒருவருக்கொருவர் நிச்சயம் தெரிந்திருக்கும்.