சின்சினாட்டியில் ஒரு ஜெர்மன் பூசை

அமெரிக்காவில் ஒஹாயோ பக்கம் போகிறவர்கள் சின்சினாட்டியின் பழைய செயின்ட் மேரி கோவிலை விட்டுவிடாதீர்கள். 1842இல் ஜெர்மானியக் குடியேறிகள் எழுப்பியது. நகரத்தில் இன்றும் நிற்கும் தேவாலயங்களில் இதுதான் மிகப் பழையது.

அங்கே இன்றும் ஞாயிற்றுக்கிழமை ஜெர்மன் பூசை உண்டு. எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனாலும் சின்ன வயதிலிருந்து பழகிய பூசைதானே, எப்போது எழுவது, எப்போது முழந்தாளிடுவது என்பதில் தடுமாற்றமே இல்லை. பாட்டுகளைத்தான் சொல்ல வேண்டும். என் வரிசையில் இருந்த முதியவர்கள் புத்தகத்தைத் திறக்காமலே உரக்கப் பாடினார்கள்.

பூசை முடிந்ததும் அவர்களில் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். சுவரைக் காட்டி, "இதற்கான செங்கல்லை எங்கள் பெண்கள் வீட்டு அடுப்புகளில் சுட்டார்கள்" என்றார். அந்தப் பங்கில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தியாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

அந்த மக்களுக்கு 1834லேயே ஹோலி டிரினிட்டி என்ற கோவில் இருந்தது. அதன் பங்குத்தந்தை ஜான் மார்ட்டின் ஹென்னி 1837இல் ஜெர்மன் கத்தோலிக்கப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். பிறகு மில்வாக்கியின் முதல் ஆயரானார். குடியேறிகள் பெருகப் பெருக இரண்டாவது கோவில் தேவைப்பட்டது. அப்படி வந்ததுதான் செயின்ட் மேரி. கால்வாய்க்கு வடக்கே இருந்த அந்தக் குடியிருப்பை, கால்வாயை ஜெர்மனியின் ரைன் ஆறாகப் பாவித்து, ஊரார் 'ரைனுக்கு அப்பால்' என்றே அழைத்தார்கள். பெயர் இன்றும் அதுதான். கால்வாய் மட்டும் சாலையாகிவிட்டது.

அமெரிக்கா ஜெர்மனியை எதிர்த்து நின்ற முதல் உலகப் போர் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. 1918இல் பிரெமன் தெரு ரிபப்ளிக் தெரு ஆனது, பெர்லின் தெரு உட்ரோ தெரு ஆனது. மறு ஆண்டே, எட்டாம் வகுப்பு முடியும் வரை பிள்ளைகளுக்கு ஜெர்மன் கற்பிக்கக் கூடாது என்று ஒஹாயோ சட்டம் போட்டது. கடைசியில் உச்ச நீதிமன்றம்தான் 1923இல் அதைச் செல்லாததாக்கியது. அக்கம்பக்கத்தார் சந்தேகத்தோடு பார்த்த காலத்தில் தாய்மொழியில் செபிக்கவே எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்! கட்டடத்தைவிட எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

லத்தீன், ஆங்கிலப் பூசைகளும் அங்கே உண்டு. அதனால் நேரம் விசாரித்துக்கொண்டு ஜெர்மன் பூசைக்கே போங்கள். அப்புறம் கொஞ்ச தூரம் நடந்து ரிபப்ளிக் தெருவையும் பார்த்துவிட்டு வாருங்கள்.