பதில்: பாயிண்டுக்குத் தமிழ் - தொடுமுனையா, பிரிமுனையா?

அனைவருக்கும் வணக்கம்.

பழைய கார் எஞ்சினில் தொட்டும் பிரிந்தும் பொறி வரவைக்கும் சின்ன உலோக முனைகள்தான் பாயிண்ட். அதற்கு எங்கள் வகுப்புத் தாளில் எந்தத் தமிழ்ச் சொல்லைப் போடுவது என்று நம் குழுவில் பேசிக்கொண்டிருக்கிறோம்: ஐயா 'தொடுமுனை' என்கிறார், நான் 'பிரிமுனை' என்கிறேன். வெள்ளிக்கிழமை தாள் அச்சுக்குப் போகிறது, அதனால் மறுபடியும் எழுதுகிறேன். மொரீஷியஸின் ரோஸ்ஹில்லில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் பழைய மோரிஸ் மைனர் கார் ஒன்றைப் பழுதுபார்க்கிறார்கள். வீட்டில் கிரியோல், பட்டறையில் பிரெஞ்சு. அவர்கள் காதில் விழுந்ததெல்லாம் பாயிண்டின் பிரெஞ்சுப் பெயரான 'வீஸ் பிளத்தினே'தான்.

ஐயா சொன்ன 'தொடுமுனை' அழகான சொல். ஆனால் போன வாரம் என்ன நடந்தது தெரியுமா? சிலிண்டருக்குச் சிலிண்டர் மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால் பாயிண்ட் கருகிக் கிடந்தது. அதைத் தேய்த்துச் சுத்தம் செய்த பையன், "தொட்டால்தானே சார் பொறி வரும்" என்று இடைவெளியை மூடி ஸ்க்ரூவை இறுக்கிவிட்டான். பொறியே இல்லை. பெயர் காட்டிய வழியில் போயிருக்கிறான், பாவம். தொட்டிருக்கும்போது காயில் என்ற கம்பிச்சுருளில் மின்னோட்டம் ஏறுகிறது. பிரியும் கணத்தில்தான் காந்தப்புலம் சரிந்து எரிபொருளைப் பற்றவைக்கும் பிளக்கில் பொறி பாய்கிறது. இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் விட்டு 0.4 மில்லிமீட்டர் வைத்தோம், பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சரையும் மாற்றினோம். மஞ்சளாய் நோஞ்சானாய் இருந்த பொறி நீலமாய்ச் சொடுக்கியது.

அதனால்தான் பிரிமுனை என்கிறேன். வினைத்தொகை: பிரிந்த முனை, பிரிகின்ற முனை, பிரியும் முனை. நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் அது 1600 முறை பிரிகிறது. முக்காலமும் அதற்குத் தேவை! 'உடைந்துபோன முனை என்று படிப்பார்களே' என்ற ஐயாவின் தடைக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

குழுவில் அக்கா இக்னிஷனுக்கு, அதாவது எரிபொருளைப் பற்றவைப்பதற்கு, 'ஞெலி' கேட்கிறார். புறநானூறு 315இல் ஔவை அதியமானை, கூரை விளிம்பில் செருகிய ஞெலிகோல் (தீக்கடைகோல்) என்கிறாரே! உள்ளே தீ, வெளியே தெரியாது. எனக்கும் ஆசைதான். ஆனால் ஞெலிதல் கடைந்து தீ எடுப்பது. இங்கே தீ உரசலால் வருவதில்லை. 'பழஞ்சொல் புதுப்பொருள் ஏற்காதா' என்றால் ஏற்கும். பிரெஞ்சில் பிளக்குக்கும் மெழுகுவர்த்திக்கும் 'பூஜி' ஒன்றுதான். அதுவே மெழுகு ஏற்றுமதியான அல்ஜீரியத் துறைமுகம் பெஜாயாவின் பழைய பிரெஞ்சுப் பெயர்.

சரி, இதுவரை பிரிமுனைக்கு மூவர், தொடுமுனைக்கு இருவர். வியாழன் இரவுக்குள் வேறு கருத்து வராவிட்டால் பிரிமுனை என்றே போட்டு, கீழே வீஸ் பிளத்தினே என்றும் சேர்க்கிறேன். நேற்று ஒரு மாணவி தன் குறிப்பேட்டில் தானாகவே 'விடுமுனை' என்று எழுதியிருந்தாள். ஐயா, அதையும் கொஞ்சம் பாருங்கள்.