எட்டாம் நாள் விருத்தசேதனம்: தடை வேண்டுமா, கட்டுப்பாடு போதுமா?

முகிலன்: யூதர்கள் ஆண் குழந்தைக்கு எட்டாம் நாளே முன்தோலை வெட்டுகிறார்கள். நோய் எதுவும் இல்லாத குழந்தைக்கு எதற்குக் கத்தி? 2012-ல் ஜெர்மனியில் கொலோன் நீதிமன்றம் இதை உடற்காயம் என்றே சொன்னது (வழக்கு ஒரு முஸ்லிம் சிறுவனைப் பற்றியது, கேள்வி ஒன்றுதான்). வளர்ந்து அவனே முடிவெடுக்கட்டும்.

தேன்மொழி: அங்கேயே ஏன் நிறுத்திவிட்டீர்கள்? அதே ஆண்டு டிசம்பரில் ஜெர்மன் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அனுமதித்துவிட்டதே. குழந்தைக்கு ஆறு மாதத்துக்குள் என்றால் பயிற்சி பெற்ற மோஹெலும் (இந்தச் சடங்கைச் செய்யும் யூதர்) செய்யலாம், ஆனால் மருத்துவ முறைப்படி செய்ய வேண்டும். ஆபிரகாமோடு கடவுள் செய்த உடன்படிக்கையின் அடையாளம் அது, அதை எட்டாம் நாளில் செய்ய விடமாட்டேன் என்றால் நீ யூதனாக இங்கே இருக்காதே என்றுதான் அவர்கள் காதில் விழும்.

முகிலன்: சரி, நியூயார்க்குக்கு வாருங்கள். ஹரேதி எனப்படும் தீவிர மரபுவாத யூதர்களின் சில பிரிவுகளில் மோஹெல் காயத்தை வாயால் உறிஞ்சுகிறார். 2000 முதல் 2011 வரை அப்படி 11 குழந்தைகளுக்கு ஹெர்ப்பிஸ் வந்ததாகச் சுகாதாரத்துறை பதிவு செய்தது, இரண்டு குழந்தைகள் இறந்தன. பெரியவர்களுக்கு உதட்டில் கொப்புளத்தோடு போகிற கிருமி, பச்சைக் குழந்தைக்கு மூளை வரை போய்விடக்கூடும்.

தேன்மொழி: அதை அடியோடு நிறுத்த வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று 2012-ல் கொண்டுவந்த விதியைக்கூட 2015-ல் நகரம் கைவிட்டது, நினைத்தாலே கோபம் வருகிறது. ஆனால் யூதர்களின் பழைய சட்ட நூலான தால்முத் உறிஞ்சச் சொன்னதே குழந்தைக்கு ஆபத்து வரக்கூடாது என்றுதான். 19-ஆம் நூற்றாண்டிலேயே பெரிய ரபி (யூத மதகுரு) ஒருவர் பஞ்சு போதும் என்றார், இன்று பலர் கண்ணாடிக் குழாய் வைத்துச் செய்கிறார்கள். குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்றால் நாளைத் தள்ளு, அண்ணன்கள் இருவர் இதனால் இறந்திருந்தால் மூன்றாமவனுக்குச் செய்யாதே என்பதும் அவர்கள் சட்டம்தான்.

முகிலன்: இருவர் சாகும்வரை காத்திருந்த சட்டம் அது. ரத்தம் உறையாத நோயை இன்று முன்கூட்டியே பரிசோதித்துவிடலாம். அப்புறம் வலி? பல வீடுகளில் இன்னும் நாக்கில் ஒரு சொட்டு இனிப்பு ஒயின், அவ்வளவுதான்.

தேன்மொழி: மரத்துப்போக மருந்து கட்டாயம் கொடுக்க வேண்டும், கொடுக்காத மோஹெலின் அனுமதியைப் பறிக்கலாம். இதையெல்லாம் சட்டமாக்கினால் உங்களுக்குச் சம்மதமா?

முகிலன்: அவ்வளவும் உடனே வேண்டும். ஆனாலும் தடைதான் சரி என்பேன், வெட்டிய தோல் திரும்ப வராது.