வகுப்பில் ரோமியோ ஜூலியட் படித்தவர்கள், நடத்தியவர்கள்: அனுபவப் பகிர்வு

கிழக்கு லண்டனில் ஆங்கில ஆசிரியை:

ரோமியோ ஜூலியட் என்றதும் மாடத்தில் ஒரு பெண், கீழே தோட்டத்தில் ஒரு பையன், இதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. வருஷா வருஷம் இதை நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், பிள்ளைகளை அசையாமல் உட்கார வைப்பது மூன்றாம் அங்கத்தின் ஐந்தாம் காட்சி. ஜூலியட்டின் அப்பா கப்யூலெட், தான் பார்த்த மாப்பிள்ளை பாரிஸைக் கட்டிக்கொள்ள மறுக்கும் மகளைத் திட்டித் தீர்க்கும் காட்சி.

இங்கிலாந்தில் 16 வயதை ஒட்டி எழுதும் பொதுத்தேர்வான ஜி.சி.எஸ்.இ.யின் இலக்கியத் தேர்வில் ஒரு ஷேக்ஸ்பியர் நாடகம் கட்டாயம். எந்த நாடகம் என்பதை வாரியத்தின் பட்டியலிலிருந்து பள்ளி முடிவு செய்யும். எங்கள் பள்ளியில் இது. பரீட்சைக்குப் புத்தகம் கொண்டுபோக முடியாது. நாடகத்தின் ஒரு பகுதியை அச்சடித்துக் கொடுப்பார்கள், அதில் தொடங்கி முழு நாடகத்தையும் பற்றி எழுத வேண்டும். அதனால் பிள்ளைகள் மேற்கோள்களைச் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். கூடவே காலப் பின்னணி என்று ஒரு வாக்கியத்தையும் உருப்போட்டு வைத்திருப்பார்கள்: எலிசபெத் காலத்தில் பெண்களை 13 வயதிலேயே கட்டிக்கொடுத்துவிடுவார்கள், அப்பா சொல்லைத் தட்ட முடியாது.

இந்த வாக்கியத்தைப் பார்த்தாலே எனக்குக் கை துறுதுறுக்கும். திருச்சபைச் சட்டப்படி பெண்ணுக்கு 12 வயதும் பையனுக்கு 14 வயதும் ஆனால் போதும் என்பது உண்மை. ஆனால் ஊர்த் தேவாலயங்களின் பதிவேடுகளைக் கணக்கெடுத்த வரலாற்று ஆய்வாளர்கள் வேறு கதை சொல்கிறார்கள். சாதாரணக் குடும்பத்துப் பெண்கள் பெரும்பாலும் 25 வயதை ஒட்டித்தான் மணம் முடித்தார்கள். ஷேக்ஸ்பியரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1582-இல் அவருக்குத் திருமணம் ஆனபோது அவருக்கு 18, மனைவி ஆனுக்கு 26.

ஜூலியட்டுக்கு 13 வயது என்பது ஆசிரியர் வேண்டுமென்றே செய்த வேலை. அவர் கையில் மூலமாக இருந்தது ஆர்தர் புரூக் 1562-இல் வெளியிட்ட நீண்ட கவிதை. அதில் அவளுக்கு 16. ஷேக்ஸ்பியர் வயதைக் குறைத்தார். மாதக்கணக்கில் நீண்ட கதையை ஞாயிறு முதல் வியாழன் விடியற்காலை வரை என்று இறுக்கிக் கட்டினார். நாடகம் எழுதப்பட்டதாகக் கருதப்படும் 1595 வாக்கில் அவருடைய மூத்த மகள் சூசன்னாவுக்கு 12 வயது. இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். 14, 15 வயதுப் பிள்ளைகள் இல்லையா, தங்களைவிட ஜூலியட் சின்னவள் என்பது அப்போதுதான் உறைக்கும்.

சரி, அனுபவத்துக்கு வருகிறேன். கப்யூலெட் வசனத்தை யாராவது வாசியுங்கள் என்றால் பையன்கள் போட்டி போட்டுக்கொண்டு கத்துவார்கள். கத்துவதற்கு ஏற்ற வசனம்தான். தேவாலயத்துக்கு நடந்து வரமாட்டாய் என்றால் தட்டியில் கட்டி இழுத்துப் போவேன் என்கிறான். ராஜதுரோகிகளைக் கொலைக்களத்துக்கு இழுத்துப்போகப் பயன்பட்ட தட்டி அது. தெருவில் பிச்சை எடு, பட்டினி கிட, செத்துப் போ, என் கை அரிக்கிறது என்றெல்லாம் பொரிந்து தள்ளுகிறான். ஜூலியட் மண்டியிட்டுக் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள்.

ஒரு வருஷம், வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் நான் வாசிக்கிறேன் மிஸ் என்றாள். அவள் கத்தவில்லை. அடங்கிய குரலில், ஒவ்வொரு சொல்லாக, நிதானமாக வாசித்தாள். செத்துப் போ என்ற இடத்தில் குரல் இன்னும் தணிந்தது. முடித்ததும் யாரும் பேசவில்லை. ஏன் அப்படி வாசித்தாய் என்று கேட்டேன். "எல்லா அப்பாவும் கத்த மாட்டாங்க மிஸ்" என்றாள். வகுப்பு முடிந்ததும் அவளிடம் தனியாகப் பேசினேன். பள்ளியில் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்பவரிடமும் சொன்னேன். அதற்கு மேல் இங்கே எழுதுவது முறையாகாது.

அதே வகுப்பில் இன்னொரு பையன் முதல் அங்கத்தைப் புரட்டிக் காட்டினான். அங்கே பாரிஸ் பெண் கேட்டு வந்தபோது இதே கப்யூலெட், அவள் உலகம் அறியாதவள், இன்னும் இரண்டு கோடை போகட்டும், அவள் மனதை ஜெயி, என் சம்மதம் ஒரு பகுதிதான் என்கிறான். இவ்வளவு நல்ல அப்பா எப்படி மாறினார் என்பது அவன் கேள்வி. இரண்டு காட்சிக்கும் நடுவே இருப்பது இரண்டே நாள். மனைவியின் சகோதரன் மகன் டைபால்ட் ரோமியோ கையால் செத்திருக்கிறான், வீட்டில் இழவு, ஊரில் பெயர் கெட்டிருக்கிறது. மகளைக் கேட்காமலே அந்த இரவில் பாரிஸுக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறான். என் சொல்லுக்கு அவள் கட்டுப்படுவாள் என்று நினைக்கிறேன் என்கிறான். அவளுடைய சம்மதத்துக்கு அவன் கொடுத்த மரியாதை, அவனுக்கு இடைஞ்சல் இல்லாத வரைக்கும்தான். அந்தக் காலத்து அப்பாக்கள் அப்படித்தான் என்று ஒரே வரியில் எழுதித் தள்ளினால் இந்த மாற்றம் கண்ணிலேயே படாது. அதனால் இப்போதெல்லாம் இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் நடத்துகிறேன். மாடக் காட்சிக்கு ஒரு வகுப்பு போதும்.

மதுரைப் பக்கம், பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவள்:

டீச்சர் எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்தக் காட்சியின் மீதிப் பாதி ஞாபகம் வந்துவிட்டது. அப்பா கத்திவிட்டுப் போன பிறகு நடப்பது.

எங்களுடையது பெண்கள் கல்லூரி. பெரும்பாலானவர்கள் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். மேடம் ஒரு வரியை ஆங்கிலத்தில் வாசிப்பார், தமிழில் அர்த்தம் சொல்வார், நாங்கள் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வோம். பரீட்சைக்கு கைடு இருந்தது. நாடகத்தை அனுபவித்துப் படித்தோம் என்று சொல்ல முடியாது, தாண்டிவிட்டால் போதும் என்று இருந்தோம். 1937-இல் வந்த அம்பிகாபதி படத்தின் காதல் காட்சிக்கு, அமெரிக்கரான இயக்குநர் எல்லிஸ் டங்கன் இந்த நாடகத்திலிருந்துதான் யோசனை எடுத்தார் என்று மேடம் சொன்ன அன்று கொஞ்சம் கலகலப்பு வந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் இந்தக் காட்சி வந்தது. அப்பா போனதும் ஜூலியட் அம்மாவிடம் திரும்புகிறாள். கல்யாணத்தை ஒரு மாதம், ஒரு வாரமாவது தள்ளிப்போடுங்கள் என்கிறாள். என்னிடம் பேசாதே, நீ என்னவோ செய்துகொள் என்று அம்மாவும் போய்விடுகிறாள். மிச்சம் இருப்பது செவிலி. பால் கொடுத்து வளர்த்தவள், ரோமியோவிடம் தூது போனவள், ரகசியத் திருமணம் தெரிந்தவள். ஏதாவது ஆறுதல் சொல்லு என்று கேட்கிறாள். அவளோ பாரிஸையே கட்டிக்கொள், ரோமியோ அவனுக்கு முன்னால் வெறும் கரித்துணி என்கிறாள்.

வகுப்பில் பெருமூச்சு கேட்டது. எங்களில் ஒருத்திக்கு அப்போது கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். வேறு யாரையும் விரும்பியதாக எனக்குத் தெரியாது, டிகிரியை முடித்துவிட வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்தியதால் தேதி முன்னால் வந்துவிட்டது. அவள் அம்மா என்ன சொன்னாள், ஆதரவாக இருந்த பெரியம்மா கடைசியில் எப்படி நல்ல இடம், விடாதே என்று மாறினாள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். நாலாவது அங்கத்தில் ஜூலியட் சம்மதிப்பதுபோல் நடித்ததும் கப்யூலெட் சந்தோஷ வேகத்தில் வியாழக்கிழமைக் கல்யாணத்தைப் புதன்கிழமைக்கு மாற்றுகிறானே, அந்த இடத்தை மேடம் வாசித்தபோது அவள் பெஞ்சிலிருந்து எழுந்து வெளியே போனாள். மேடம் தடுக்கவில்லை. பாடத்தை அதோடு நிறுத்திவிட்டார்.

செவிலியை வில்லியாக்கி எழுதிய கட்டுரைகளைப் பிறகு எம்.ஏ.வில் படித்தேன். எனக்கு ஒப்பவில்லை. அவள் அந்த வீட்டுச் சம்பளத்தில் வாழ்கிறவள். ரோமியோ நாடுகடத்தப்பட்டவன், திரும்பி வந்தால் மரணம். அவள் சொன்னது அவளுக்குத் தெரிந்த ஒரே வழி. அந்தப் பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய அடியாக இருந்தாலும், அந்த யோசனையை நான் என் ஊரில் எத்தனையோ பாசமான பெண்கள் வாயில் கேட்டிருக்கிறேன்.

ஸ்கார்பரோ, கனடா:

நான் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்கிறேன். இங்கே உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளில் பலர் இதைப் படிப்பார்கள். 2020 மார்ச்சில் ஒன்டாரியோவில் பள்ளிகளை மூடியபோது எங்கள் வகுப்பு பாதி நாடகத்தில் நின்றிருந்தது. மீதியை வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்து முடித்தோம். முக்கால்வாசிப் பேர் கேமராவை அணைத்து வைத்திருப்பார்கள்.

ஐந்தாம் அங்கம், இரண்டாம் காட்சி. ஜூலியட் மருந்து குடித்து மயங்கித்தான் கிடக்கிறாள், சாகவில்லை என்று ரோமியோவுக்குச் சொல்ல வேண்டிய கடிதம் போய்ச் சேரவே இல்லை. அதைக் கொண்டுபோக வேண்டிய துறவி ஜான், துணைக்கு இன்னொரு துறவியைத் தேடி ஒரு வீட்டுக்குப் போகிறார். கொள்ளைநோய் இருக்குமோ என்று சந்தேகப்பட்ட அதிகாரிகள் கதவை அடைத்து முத்திரை வைத்துவிடுகிறார்கள். கடிதத்தைத் திருப்பி அனுப்பக்கூட ஆள் கிடைக்கவில்லை, எல்லோருக்கும் தொற்றிவிடும் என்ற பயம்.

டீச்சர் இதை வாசித்ததும் ஒவ்வொரு கேமராவாக உயிர் பெற்றது. என் அம்மம்மா அப்போது முதியோர் இல்லத்தில் இருந்தார். நாங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று கை காட்டிவிட்டு வருவோம், அவருக்காகச் செய்து கொண்டுபோன சாப்பாட்டை உள்ளே வாங்க மாட்டார்கள். நான் அதைச் சொன்னேன், பிறகு ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக் கதையைச் சொன்னார்கள். 1592 முதல் 1594 வரை பெரும்பாலான மாதங்கள் லண்டன் அரங்குகள் கொள்ளைநோயால் மூடிக் கிடந்தன, அதற்குச் சற்றுப் பிறகுதான் இந்த நாடகம் வந்தது என்று டீச்சர் சொன்னார். அடைத்த கதவு என்றால் என்ன என்று பார்க்க வந்தவர்களுக்கு யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை. விதி, நட்சத்திரம் என்று நாடகத்தின் முதல் பாட்டே சொல்கிறது, ஆனால் எனக்கு அன்றிலிருந்து அது நோயும் மூடிய வீடும் கொன்ற கதையாகவும் ஆகிவிட்டது.

லண்டன் டீச்சரிடம் ஒரு கேள்வி: அந்தக் காட்சியை உங்கள் வகுப்பில் வாசிப்பீர்களா?

கிழக்கு லண்டனில் ஆங்கில ஆசிரியை:

வாசிப்போம் தம்பி. 30 வரிதான் இருக்கும், நேரமில்லை என்று பல இடங்களில் கதைச்சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். மேடைகளிலும் சிலர் வெட்டிவிடுவார்கள். வாசித்தால் பிள்ளைகள் இன்னொன்றையும் கவனிப்பார்கள். கடிதம் போகவில்லை என்று தெரிந்ததும் ரகசியத் திருமணத்தை நடத்தி, அந்த மருந்தையும் கொடுத்த துறவி லாரன்ஸ் கடப்பாரை கேட்டுக் கல்லறைக்குக் கிளம்புகிறார், தனியாக. அப்போதுகூட ஒன்றுக்கொன்று பகையான ரோமியோ, ஜூலியட் இரண்டு வீட்டிலும் போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மதுரைத் தோழி செவிலியைப் பற்றிச் சொன்னதை இவரோடு சேர்த்துப் பேச வேண்டும். அடுத்த வாரம் எங்கள் வகுப்பில் அதைத்தான் முதலில் கேட்கப் போகிறேன்.