மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள்: நாங்கள் நேரில் கண்டது

அதிகாரியின் நாற்காலியில் இருப்பவர் எந்தப் பின்னணியிலிருந்து வந்தவர் என்பது மக்களுக்கு ஏதாவது மாற்றம் தருகிறதா? நான்கு பேர் தங்கள் அனுபவத்திலிருந்து பேசுகிறார்கள்.

ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்:

வட மாவட்டம் ஒன்றின் ஆட்சியர் அலுவலகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக்களுக்கு எண் போட்டுத் துறைவாரியாகப் பிரித்து அனுப்புவது என் பொறுப்பு. ஆட்சியர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். இருளர் குடியிருப்புகளிலிருந்து வரும் மனு மட்டும் மாறவே இல்லை. பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். பழங்குடியினர் சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அங்கே போனால் அப்பாவின் சான்றிதழைக் கேட்பார்கள். அப்பா பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர் என்றால் சான்றிதழுக்கு எங்கே போவார்?

அப்படித்தான் ஒரு பாட்டி, பேத்தியின் பள்ளி மாற்றுச் சான்றிதழை ரேஷன் அட்டைக்குள் மடித்து வைத்துக்கொண்டு வந்து நின்றார். முன்பிருந்த ஆட்சியர்கள் இத்தகைய மனுவின் ஓரத்தில் ‘விசாரித்து உரிய நடவடிக்கை எடுக்கவும்’ என்று பச்சை மையில் எழுதுவார்கள். அது எந்த அலுவலகத்தில் தடைபட்டதோ அதே அலுவலகத்துக்குத் திரும்பிப் போகும். புதிதாக வந்தவர் பேனாவை எடுக்கவில்லை. “பாட்டி, உங்கள் வீட்டுக்காரரின் பங்காளிகள் யாருக்காவது சான்றிதழ் இருக்கிறதா? பக்கத்து மாவட்டத்தில் இருந்தாலும் பரவாயில்லை” என்றார். இருந்தது. செங்கல் சூளை வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட ஒரு கொழுந்தனாரின் மகனுக்கு. கோட்டாட்சியரைத் தொலைபேசியில் அழைத்து, குடியிருப்புக்கே போய் விசாரிக்கச் சொன்னார். அந்த வாரமே சான்றிதழ் கைக்கு வந்தது.

அந்த ஆட்சியர் பட்டியல் சாதியில், கூலித் தொழிலாளி வீட்டில் பிறந்தவர். அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. பிறகொரு நாள், தன் சான்றிதழுக்காக அம்மா பல நாள் கூலியை இழந்து தாலுகா அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். முன்பிருந்தவர்களும் நல்லவர்கள்தான். அவர்களுக்குப் பங்காளி வீட்டுச் சான்றிதழைக் கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவே.

ஊரக வளர்ச்சித் துறையில் பணிபுரியும் பெண்:

என்னுடையது சிறிய விஷயம்தான், ஆனால் எங்களுக்கு அது பெரிது. எங்கள் அலுவலகத்தில் பெண்கள் கழிப்பறை எப்போதும் பூட்டியே இருக்கும். சாவி மேலாளரின் மேசை இழுப்பறையில். ஒவ்வொரு முறையும் அவர் எதிரில் போய் நின்று கேட்க வேண்டும். கூச்சப்பட்டுக்கொண்டு காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருப்போம். ஆய்வுக்கு வந்த உயர் அதிகாரிகள் பதிவேடுகளைப் பார்த்தார்கள், மரக்கன்று நட்டார்கள், போனார்கள். ஒரு பெண் அதிகாரி வந்தபோதுதான் முதல் கேள்வியே “பெண்கள் கழிப்பறை எங்கே?” என்று வந்தது. பூட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அன்று கழற்றிய பூட்டு பிறகு மாட்டப்படவில்லை.

1951-இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்த முதல் பெண் அன்னா ராஜம், சென்னை மாநிலத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். திருமணம் செய்தால் பணி முடிந்துவிடும் என்ற நிபந்தனை அவருடைய நியமன ஆணையிலேயே இருந்தது. அவரைப் போன்றவர்கள் அன்று விலகிப் போயிருந்தால் எங்கள் அலுவலகத்தில் அந்தப் பூட்டு இன்றும் தொங்கிக்கொண்டிருக்கும்.

டெல்லியில் பணியாற்றும் மத்திய அரசு அதிகாரி:

குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதித் தேறியவன் நான். மாணவர் உதவித்தொகை பற்றிய ஒரு கூட்டத்தில் இருந்தேன். விண்ணப்பிக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை உள்ளிட வேண்டும் என்பது முன்மொழிவு. எல்லோரும் தலையாட்டினார்கள். என் கண்முன் வந்தவள் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படிக்கும் என் அக்காள் மகள். வீட்டில் ஒரே கைபேசி. அது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் அப்பாவிடம் இருக்கிறது. வேலை நேரத்தில் அவர் அதை எடுக்க முடியாது. கடவுச்சொல் சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும். இதைச் சொன்னேன். அறையில் இருந்த யாரும் என்னை எதிர்க்கவில்லை. அப்படி ஒரு வீட்டை அவர்களுக்குத் தெரியாது. கல்லூரி முதல்வர் சரிபார்த்துச் சான்றளிக்கும் மாற்று வழியும் சேர்க்கப்பட்டது. அன்று எனக்கு விடுப்பாக இருந்திருந்தால் என்ற எண்ணம் இன்னும் உறுத்துகிறது.

இன்னும் மேலே போனால் நிலைமை மோசம். 2019-இல் வெளியான கணக்கின்படி, மத்திய அரசுத் துறைகளின் தலைமை அதிகாரிகளான 89 செயலாளர்களில் பட்டியல் சாதியினர் ஒருவர், பழங்குடியினர் மூவர், இதர பிற்படுத்தப்பட்டோர் ஒருவர்கூட இல்லை. திறமை இல்லை என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். வயதுக் கணக்கைப் பாருங்கள். 60-இல் ஓய்வு. செயலாளராக வர ஏறக்குறைய 30 ஆண்டுப் பணி வேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளை 23 வயதில் சேர்ந்துவிடுகிறான். வேலைக்குப் போய்க்கொண்டே படித்து, சலுகை தரும் கடைசி வயதில், அதாவது 35-இலோ 37-இலோ தேறியவருக்கு மிஞ்சுவது 25 ஆண்டுகூட இல்லை. தேர்வில் இடஒதுக்கீடு இருக்கிறது. இணைச் செயலாளருக்கும் அதற்கு மேலும் ஆள் பொறுக்கும் பட்டியலில் இல்லை.

நில உரிமைப் பணியில் இருப்பவர்:

எல்லாம் சரி. ஆனால் பிறப்பை மட்டும் வைத்து ஆளை எடைபோடுவதை நான் ஏற்க மாட்டேன். பட்டியல் சாதியினருக்கென ஆங்கிலேயர் காலத்தில் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் தொடர்பான மனுவோடு போன எங்களை, எங்கள் சாதியிலேயே பிறந்த ஓர் அதிகாரி மதியம் வரை வெளியே நிற்க வைத்தார். ‘சொந்தக்காரர்களுக்குச் சலுகை காட்டுகிறார்’ என்ற பெயர் வந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். அந்தப் பயத்தை அவருக்குள் விதைத்தது யார் என்பதையும் நாம் பேச வேண்டும்.

மறுபக்கம், அந்த நிலங்களே 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் என்ற ஆங்கிலேயர் எழுதிய அறிக்கையால் கிடைத்தவை. தஞ்சைப் பகுதியில் முன்னேறிய சாதிக் குடும்பத்தில் பிறந்த இந்திய ஆட்சிப் பணி அதிகாரி எஸ்.ஆர்.சங்கரன், ஆந்திரத்தில் 1976-இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தைக் காகிதத்தில் விடாமல் ஊர் ஊராக நடைமுறைப்படுத்தினார். 2005-இல் பத்மபூஷண் வந்தபோது வேண்டாம் என்றார். இப்படிப்பட்டவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

டெல்லியில் பணியாற்றும் மத்திய அரசு அதிகாரி:

நானும் கும்பிடுகிறேன், அண்ணா. ஆனால் ஒரு சங்கரன் வருவார் என்று எத்தனை மாவட்டங்கள் காத்திருக்க முடியும்? நீங்கள் சொன்ன அந்த அதிகாரியின் பயமும், அந்த நாற்காலியில் அவர் தனியாக இருப்பதால் வருவதுதான். அவரைப் போல் பத்துப் பேர் இருந்தால் உங்களை உள்ளே கூப்பிட அவர் தயங்கியிருக்க மாட்டார். 2024 ஆகஸ்டில் மத்திய அரசின் 45 உயர் பதவிகளுக்கு இடஒதுக்கீடு இல்லாமல் நேரடியாக ஆள் எடுக்க விளம்பரம் வந்து, எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அந்த எதிர்ப்பு எனக்கு நம்பிக்கை தந்தது. மண்டல் குழுவின் பரிந்துரைப்படி இதர பிற்படுத்தப்பட்டோருக்குத் தரப்பட்ட 27 சதவீத ஒதுக்கீட்டில் தேர்வான முதல் தொகுதியினர் 1995-இல் பணியில் சேர்ந்தவர்கள். அவர்களில் இளம் வயதில் வந்தவர்கள் இப்போதுதான் 30 ஆண்டைக் கடந்திருக்கிறார்கள். ஓய்வுக்கு இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன. அடுத்த செயலாளர் பட்டியல்களில் அவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பெயர் பெயராகப் பார்க்கப் போகிறேன். நீங்களும் பாருங்கள்.